மாடு வந்த பிறகுதான் கொம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஒரே மருந்து, தெரியாத சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்வதுதான். எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம் என்று. அவருடைய அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1974-லிருந்து 1999 வரை கொடைக்கானலில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன் நான். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துத்தான் 25 வருஷம் சோறு தின்றேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த மருந்து பலிக்காது. பலிக்காததைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது தாண்டிக்குடியில் இருக்கிறேன். கொஞ்சம் காப்பி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு. வீட்டு முன்னால் களம். போன வருஷம் காப்பி காயப்போட்டிருந்த நாளில் பேத்தி தன் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தாள். அப்போது நாலாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் கொரோனாவில் போனது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பட்டம்' என்ற சொல் பத்து வரி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, பிழையே இல்லை. "இது என்ன சொல்லுப்பா?" என்றேன். "படம்" என்றான். பத்துத் தடவை எழுதிய சொல்லை அவனால் வாசிக்க முடியவில்லை. எப்படி எழுதினாய், எனக்கு ஒரு தடவை எழுதிக் காட்டு என்றேன். காட்டினான். முதலில் மேலிருந்து கீழே பத்து ப. பிறகு பக்கத்திலேயே பத்து ட். அப்புறம் பத்து ட. கடைசியாகப் பத்து ம். செங்கல் அடுக்குகிற மாதிரி. நாலு சுவர் எழுப்பியிருக்கிறான், ஒரு சொல்கூட எழுதவில்லை. இம்போசிஷன் எழுதிய பழைய ஆட்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும், நாமும் இப்படித்தானே எழுதினோம்?

அவன் 'பட்டம்' என்று சொல்லும்போது சரியாகத்தான் சொல்கிறான். காதிலும் குறை இல்லை. சொல்லைக் கைதட்டிச் சொல் என்றேன். பட், டம். இரண்டு தட்டு. அங்கேதான் சிக்கல் என்று எனக்குப் பட்டது. வாய்க்கு இரண்டு தட்டு, தாளில் நாலு எழுத்து. நடுவில் இருக்கிற புள்ளி எழுத்து அவனுக்குக் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றைப் பத்துத் தடவை எழுதி என்ன பிரயோசனம்?

களத்திலிருந்து ஒரு கை காப்பிக்கொட்டை எடுத்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு கொட்டை வை என்றேன். இரண்டு வைத்தான். மெதுவாக, இழுத்துச் சொல்லச் சொன்னேன். "நடுவில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த இடத்துக்கு என்ன வைக்கப் போகிறாய்?" யோசித்தான். இன்னொரு கொட்டையை எடுத்தான். வேண்டாம், அது முழு எழுத்து இல்லை, அதற்குச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று சொல்லி, முறத்தில் கிடந்த மிளகை எடுத்துக் கொடுத்தேன். கொட்டை, மிளகு, கொட்டை, மிளகு. பட்டம். அவன் விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துத் தானே சொல்லிப் பார்த்தான். மிளகின் மேல் விரல் வரும்போது வாய் மூடி நின்றது, அல்லது நாக்கு நின்றது. இதைத்தான் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை என்கிறார்கள். மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பள்ளியில் நான் மனப்பாடம் செய்தது. 50 வருஷம் கழித்து ஒரு மிளகில் புரிந்தது.

அதற்கப்புறம் விளையாட்டு அவனுடையது. குடை சொல்லி இரண்டு கொட்டை வைப்பான். நடுவில் ஒரு மிளகைச் செருகினால் குட்டை. கடை, கட்டை. வடம், வட்டம். அடை, அட்டை. அடையை நாம் தின்னலாம், அட்டை நம்மைத் தின்னும் என்று அவனே சொல்லிச் சிரித்தான். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் கால் வைத்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அருமை தெரியும். பத்து நாள் போல ஒரு எழுத்தும் எழுதவில்லை, வாசிக்கவும் இல்லை. கொட்டையும் மிளகும் மட்டும்தான். அவன் அம்மா ஒரு நாள் வந்து, "பையன் படிக்கிறானா, பல்லாங்குழி ஆடுறானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு எழுத்துக்கு வந்தோம். இங்கேதான் என் பழைய தொழில் உதவியது.

அச்சகத்தில் எழுத்து கேஸ் என்று ஒன்று இருக்கும். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த சாய்வுப் பலகை. ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்து. தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, கேஸில் அத்தனை அறை கிடையாது. 'கா' என்று தனியாக ஓர் எழுத்து இருக்காது. க ஓர் அறையில், துணைக்கால் ஓர் அறையில். 'கெ' கிடையாது, ஒற்றைக்கொம்பு உண்டு. இரட்டைக்கொம்பு, 'கை'யில் முன்னால் நிற்கும் சங்கிலிக்கொம்பு உண்டு. 18 உயிர்மெய், நாலு உறுப்பு. இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ என்று ஆறு வரிசை, 108 எழுத்து வந்துவிடும். அகர வரிசை 18 கையிலேயே இருக்கிறது. எழுத்தைக் காகித அட்டையில் எழுதி, அதன் தலையில் ஒரு மிளகை வைத்தால் மெய் 18. ஆக 144. மிச்சம் 103-தான், அதிலும் ஔ வரிசையை இப்போதைக்கு மறந்துவிடலாம். சுவரில் தொங்கும் அரிச்சுவடி அட்டவணையைப் பார்த்து மலைத்து நிற்கும் பிள்ளைக்கு, 18 அட்டையும் நாலு உறுப்பும் கையில் கொடுத்தால் பயம் பாதி குறைகிறது. நான் பார்த்த அளவில்.

முதல் நாள் ஒரு தப்புச் செய்தேன். ஞாபகத்துக்காக வைத்திருந்த பழைய ஈய எழுத்துகள் ஒரு டப்பா வீட்டில் இருந்தன. பெருமையாக எடுத்து முன்னால் கொட்டிவிட்டேன். மகள் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். நியாயம்தான். அச்செழுத்து ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பது. ஈயம் குழந்தைகள் உடம்புக்குள் போகக் கூடாத விஷம். பையனைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, டப்பாவைப் பரணில் ஏற்றினேன். யாராவது பழைய அச்சகச் சாமான் வைத்திருந்தால் தயவுசெய்து பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். போகட்டும், கல்யாணப் பத்திரிகை எதற்கு இருக்கிறது? எங்கள் ஊரில் முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டுக்கு ஒரு கட்டு சேர்ந்துவிடும். நல்ல தடிமன். உள்பக்கம் பெரும்பாலும் வெள்ளை. கத்தரியால் வெட்டி, மார்க்கர் பேனாவில் எழுதினேன்.

வெட்டும்போது ஒவ்வொரு அட்டையிலும் வலது கீழ் மூலையைக் கொஞ்சம் கிள்ளிவிட்டேன். அச்செழுத்தின் உடம்பில் நிக் என்று ஒரு கீறல் இருக்கும். அதைத் தடவிப் பார்த்தே எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று கம்பாசிட்டர் கண்டுகொள்வான், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு முழிப்பதை இந்தக் கிள்ளல் நிறுத்தியது.

கால் சுலபம். பல் பக்கத்தில் கால் போட்டால் பால். கல், கால். மலை, மாலை. கொம்புதான் சண்டைக்காரன். எழுதும்போது முன்னால் நிற்கும், சொல்லும்போது பின்னால் வரும். 'செடி' என்று பார்த்தால் பையன் கொம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றான். முதலில் வருகிறதே, அதற்கு என்ன சத்தம் என்று அவன் தேடுகிறான். கேள்வி சரியான கேள்வி. எங்களுக்கு 25 வருஷத்தில் கை தானாகக் கொம்பு அறைக்குப் போய்விடும், அதில் குழப்பம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அதனால் ஒரு விதி வைத்தேன்: மாடு வந்த பிறகுதான் கொம்பு. முதலில் ச அட்டையை வை. அது மாடு. பிறகு கொம்பை எடுத்து அதன் முன்னால் வை. கொம்பு மாட்டுக்கு முன்னால்தானே இருக்கும்? சொல் என்று எழுத வேண்டுமா, முன்னால் கொம்பு, பின்னால் கால். வாசிக்கும்போதும் அதே வழி. கொம்பைப் பார்த்தால் நிற்காதே, தாண்டிப் போய் மாட்டைப் பார், அப்புறம் திரும்பி வந்து ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று பார். அந்த இரட்டைக்கொம்பு வீரமாமுனிவர் கொடுத்தது என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அவர் அதைச் சுழித்துக் காட்டியிருக்காவிட்டால் எ, ஏ குழப்பம் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இகர ஈகார வரிசையை வெட்ட முடியாது, மேலே ஒட்டிக்கொள்ளும். முழு அட்டையாகவே எழுதினேன். உகர வரிசைதான் பிள்ளைகளைப் படுத்துகிறது, ஏனென்றால் ஒரே சத்தத்துக்கு ஊருக்கு ஒரு கோலம். இதை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன். கீழே கோடு இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு. வளைந்து சுற்றிக்கொள்பவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே போய் மேலே ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஐந்து, ஆறு, ஏழு, மொத்தம் 18. மூன்று கூட்டத்தையும் கலந்து கொட்டி, மூன்று தட்டில் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது ணா, றா, னா முதல் ணை, லை வரை 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. எங்கள் கேஸில் பழைய வளைந்த லை அதற்கப்புறமும் பல வருஷம் கிடந்தது, அது வேறு கதை. உகரத்தை அப்போது தொடவில்லை. தொட வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பிள்ளை கையில் இருப்பது இப்போதைய எழுத்து, அதற்கு வழி சொல்ல வேண்டும்.

"இது இங்கிலீஷ்ல சொல்ற ஃபோனிக்ஸ்தானே?" என்று என்னைக் கேட்கிறார்கள். எழுத்தின் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்து வாசிக்கப் பழக்குவது அது. ஆங்கிலத்துக்காக அந்த வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்பும் பெற்றோர் இங்கேயும் உண்டு. தமிழுக்கு அது எதற்கு, எழுதுகிற மாதிரியே வாசிப்பதுதானே என்பார்கள். முழு உண்மை இல்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 சத்தத்தைச் சமாளிக்கிறார்கள். நமக்கு வேறு மாதிரி. ஒரே க-வை வைத்து கடல், அக்கா, தங்கம், அகல் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நின்றாலும் இரட்டித்தாலும் வல்லினம். மெல்லினத்தின் பக்கத்தில் நின்றால் அதன் குணம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு உயிருக்கு நடுவில் குழைந்துபோகும். எழுத்து மாறவில்லை, பக்கத்து வீட்டைப் பொறுத்துக் குரல் மாறுகிறது. நமக்கு இது பழக்கத்தில் வந்துவிட்டது. திணறும் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. க அட்டையை வெவ்வேறு சொற்களுக்குள் நகர்த்தி வைத்துப் பார்த்தால் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். "தாத்தா, பல்லுல இருக்கிற ப வேற, பஸ்ஸுல இருக்கிற ப வேற" என்று ஒரு நாள் பையன் என்னை மடக்கினான். அது வெளியூர்ச் சொல்லப்பா, நம் விதிக்குக் கட்டுப்படாது என்று சொல்லித் தப்பித்தேன்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1980-களில் கொடைக்கானல் அச்சகத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியை வினாத்தாள் அடிக்க வருவார். என் கேஸைப் பார்த்து, "இது மான்டிசோரி பெட்டி மாதிரியே இருக்கிறதே" என்றார். 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரியா மான்டிசோரி, தடுப்பு அறைகள் உள்ள பெட்டியில் வெட்டிய எழுத்துகளை அடுக்கி, உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் கொடுத்துக் குழந்தைகளைச் சொல் கோக்க வைத்தவர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்தவர். வாசிப்பதற்கு முன்பே குழந்தை கையால் சொல் கட்டிவிடும் என்பது அவர் கண்டது. 1939-ல் அடையாறுக்கு வந்தவர், உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல், 1940-களின் தொடக்கத்தில் நம் கொடைக்கானலிலேயே தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். ஏரியைச் சுற்றிக் காட்ட வரும் வழிகாட்டிகள் இதை யாருக்கும் சொல்வதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த ஆசிரியை சொன்னதை நான் காதில் வாங்கிக்கொண்டு எழுத்து அடுக்கும் ஸ்டிக்கில் அடுத்த வரியைக் கோக்கப் போய்விட்டேன். பையன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அரசுப் பள்ளியில் எதுவுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அட்டைகள் உண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறார்கள். ஆனால் ஒரு டீச்சர், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு, நடுவில் பதிவேடுகள் என்றால் ஒரு பிள்ளை மிளகில் விரல் வைத்து நிற்கும் நேரம் வரை காத்திருக்க அவருக்கு ஏது பொழுது? அந்தக் காத்திருப்பு வீட்டில் சும்மா இருக்கும் என் மாதிரி ஆட்களால் முடியும்.

எல்லாருக்கும் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். இப்போது சாயங்காலம் ஐந்து பேர் வருகிறார்கள். ஒரு பெண் குழந்தை எந்த விளையாட்டிலும் ஒட்டவில்லை. அட்டையை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்ப்பாள். வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போய்க் கண் பார்த்தார்கள், கண்ணாடி போட்டார்கள், அவ்வளவுதான் சங்கதி. இன்னொரு பையனுக்கு நேற்றுக் கட்டிய சொல் இன்று புதிதாகவே இருக்கிறது. சோம்பேறி என்று அவன் வீட்டில் அடி வாங்குகிறான். கற்றல் குறைபாடு என்று ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள். அடித்துத் தீர்வதில்லை அது. மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.

முதல் பையன் இப்போது அஞ்சாம் வகுப்பு. பாடப்புத்தகத்தை இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் போன மாதம் நான் வெந்நீர் வைக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் திண்ணையில் அட்டைகளை அடுக்கி 'தாத்தா மொட்டை' என்று எழுதி வைத்திருந்தான். மூன்று த, இரண்டு கால், ஒரு சங்கிலிக்கொம்பு எல்லாம் இடத்தில் இருந்தன. மொ-வில் கொம்பும் காலும் சரி. ட்டை-யில் முதல் ட-வின் தலையில் மிளகு நின்றது, காற்றில் உருளாமல் இருக்கச் சோற்றுப்பசை வேறு. திட்ட மனம் வரவில்லை.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. வாரம் ஒரு நாள் குழந்தைகளுக்கு ஒரு பக்கம் போடுகிறீர்கள். புதிரும் வண்ணம் தீட்டும் படமும் வருகிற அந்தப் பக்கத்தில் மாதம் ஒரு தடவை கால் பக்கம் ஒதுக்கி, எழுத்துகளை வெட்டி எடுக்கும்படி பெரிதாக அச்சிடுங்கள். 72 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம், பிள்ளை விரல் தடவ ஓர் அங்குலமாவது வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வலது கீழ் மூலையில் கிள்ளுவதற்குக் கோடு போடுங்கள். பின்பக்கம் செய்தி வரக் கூடாது. வெட்டிய துண்டைத் திருப்பினால் வேறு எழுத்து தெரிந்து பிள்ளை குழம்பும், ஆகவே முழுக் கறுப்பாகவோ ஒரே நிறமாகவோ விடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒட்டிக்கொள்வது எங்கள் பாடு.

எத்தனை எழுத்து என்று உங்கள் பக்கம் வடிவமைப்பவர் கேட்பார். ங, ஞ ஒவ்வொன்று போதும். ஔ வேண்டாம். க, ட, த, ப, ம, ர, ல, ன மூன்று மூன்று. கொம்பு வகைக்கு நாலு. கால் மட்டும் பத்துக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். எந்த அச்சகத்திலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான். மழையில் குடை பிடித்துக்கொண்டு பக்கத்து அச்சகத்துக்குப் போய்க் கால் கடன் வாங்கி வந்தவன் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
தாண்டிக்குடி, பழனி மலை.